கினோவா என்பது ஒரு கீரையின் விதை

எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் போன மாதம் அரைக்கிலோ கினோவாப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பொட்டலம் பிரித்திருந்தது; ஒரு கைப்பிடி அளவு மட்டும் குறைந்திருந்தது. சாமைச் சோறு பொங்குவது போலவே பொங்கியிருக்கிறார். வாயில் வைக்க முடியாத கசப்பு. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரர் மேல் அவருக்கு வருத்தம். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அரிசியை அறவே விட்டுவிட்டு இந்தச் சிறுதானியத்தை வயிறு நிறையச் சாப்பிடலாம், சர்க்கரை ஏறவே ஏறாது என்று உறவினர் ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார்.

சரக்கில் குறை இல்லை. கினோவா சிறுதானியம் இல்லை. கசப்புக்கும் பழமைக்கும் தொடர்பே இல்லை. சர்க்கரை ஏறாது என்பது ஆபத்தான பேச்சு. அந்த அக்காவிடம் அன்று மாலை முழுவதும் பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். விலை கொடுத்து வாங்கி, நம்பிக்கையோடு அடுப்பில் வைக்கும் பொருள் இது. அது என்னவென்று தெரியாமலே கசந்து போய்க் குப்பையில் கொட்டுகிறவர்களை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

## பெயர்

பொட்டலங்களில் கினோவா, கீன்வா, குயினோவா என்று பல விதமாக அச்சடிக்கிறார்கள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்கள் பேசும் கெச்சுவா மொழியில் இதன் பெயர் கின்வா. ஸ்பானியர்கள் அதைத் தங்கள் எழுத்தில் எழுதினார்கள். பிற மொழிக்காரர்கள் அந்த எழுத்தைக் கூட்டி வாசித்தபோது கினோவா ஆகிவிட்டது. கீன்வா என்பவர்கள்தான் மூலத்துக்கு நெருக்கமாகச் சொல்கிறார்கள். தமிழில் பரவலாகப் புழங்குவது கினோவா என்பதால் அதையே வைத்துக்கொள்கிறேன்.

## சக்கரவர்த்திக் கீரைக்கு நெருங்கிய உறவு

நெல், கோதுமை, கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, வரகு எல்லாமே புல் குடும்பம். வயலில் நிற்கும்போதே தெரிந்துவிடும். வாள் போன்ற நீண்ட இலை, கணுக்கணுவான தாள், உச்சியில் கதிர். இந்தக் குடும்பத்தின் விதைகளைத்தான் தாவரவியல் தானியம் என்கிறது.

கினோவாச் செடியைப் பார்த்தால் யாரும் புல் என்று சொல்லமாட்டார்கள். இலை அகன்றது, ஓரங்கள் வெட்டுப்பட்டு வாத்தின் பாதம் போல இருக்கும். இதன் பேரினத்துக்குத் தாவரவியலார் வைத்திருக்கும் கிரேக்கப் பெயருக்கே வாத்துப் பாதம் என்றுதான் பொருள். செடி ஆள் உயரத்துக்கு வளரும். உச்சியில் சிவப்பு, மஞ்சள், ஊதா என்று அடர்ந்த பூங்கொத்து விடும். கோழிக்கொண்டைப் பூவைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதுவும் இதே குடும்பம்தான். தண்டுக்கீரை, பாலக்கீரை, பீட்ரூட் எல்லாம் அந்தக் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்கள். எல்லோரையும்விட நெருங்கிய உறவு சக்கரவர்த்திக் கீரை. வட இந்தியாவில் பதுவா என்று சப்பாத்தி மாவில் சேர்த்துப் பிசைவார்களே, அதுதான். கினோவாவும் அதுவும் ஒரே பேரினம். ஆண்டிஸ் மலைக்காரர்கள் கினோவாவின் இளம் இலையையும் கீரையாகச் சமைக்கிறார்கள்.

கீரையின் விதையைச் சோறாக்கிச் சாப்பிடுவது நம் நாட்டுக்கும் புதிதில்லை. இமயமலைக் கிராமங்களில் சக்கரவர்த்திக் கீரையின் இனத்து விதையைப் பயிரிட்டு உண்டிருக்கிறார்கள். வடக்கே ராஜ்கிரா என்று விற்பது தண்டுக்கீரை இனத்தின் விதைதான். விரத நாளில் தானியம் கூடாது என்பவர்கள் ராஜ்கிராவைத் தயக்கமின்றிச் சாப்பிடுகிறார்கள். அது தானியம் இல்லை என்பதை விரத விதி எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள் போலிருக்கிறது.

இப்படிப் புல் குடும்பத்தைச் சேராமல், ஆனால் தானியத்தைப் போலவே வேகவைத்தும் மாவாக்கியும் பயன்படும் விதைகளுக்குப் போலித் தானியம் என்று பெயர். போலி என்றதும் கள்ளச் சரக்கு என்று எண்ணிவிடக் கூடாது. இலக்கண வகுப்பில் படித்த போலியை நினைத்துக்கொள்ளுங்கள். அறம் என்பது அறன் என்று வந்தாலும் பொருள் கெடுவதில்லை. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னொன்று நின்று அதே வேலையைச் செய்கிறது. தானியத்தின் இடத்தில் கினோவா நிற்பதும் அப்படித்தான்.

ஆக, செடியால் கீரை, தட்டில் தானியம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

## விதைக்குள் எட்டிப் பார்த்தால்

ஒரு பச்சரிசி மணியை உள்ளங்கையில் வைத்து உற்றுப் பாருங்கள். ஒரு முனையில் மட்டும் மூலை உடைந்ததுபோல் சின்னப் பள்ளம் தெரியும். நெல் முளைத்தால் நாற்றாகப் போகிற உயிர்ப்பகுதி அங்கேதான் உட்கார்ந்திருந்தது. அதற்கு முளைக்கரு என்று பெயர். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு அது போய்விடுகிறது. முழு அரிசியிலேயே முளைக்கருவின் எடை நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். மீதி ஏறக்குறைய எல்லாம் மாவு; அந்தக் குழந்தை முளைத்து வேர் விடும்வரை சாப்பிடத் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு.

கினோவாவில் இந்த ஏற்பாடு தலைகீழ். மாவு நடுவில் இருக்கிறது. முளைக்கரு ஒரு வளையல் போல வளைந்து அந்த மாவைச் சுற்றிப் படுத்திருக்கிறது. விதையின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கோ அதற்கு மேலோ இந்த வளையமே. புதிய உயிரைக் கட்ட வேண்டிய புரதமும் கொழுப்பும் இத்தகைய விதைகளில் முளைக்கருவில்தான் செறிந்திருக்கும். அரிசியில் அதைத் தீட்டி எறிந்துவிடுகிறோம். கினோவாவில் அது மாவை அணைத்துக்கொண்டு கிடப்பதால் கழுவினாலும் தேய்த்தாலும் போவதில்லை. அரிசியைவிட இதில் புரதம் கூடுதல் என்கிறார்களே, அதற்குக் காரணம் இந்த அமைப்புதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். கினோவா வெந்ததும் ஒரு கரண்டி எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒவ்வொரு மணியும் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். அதன் ஓரத்திலிருந்து வெள்ளை நூல் ஒன்று சுருண்டு வெளியே வந்திருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் புழு என்று பயந்து கொட்டிவிடுவதும் உண்டு. அந்த அக்காவும் முகத்தைச் சுளித்தார். அது புழு இல்லை. சூட்டில் மாவு உப்பியதும் பிடி தளர்ந்து பிரிந்த முளைக்கரு வளையம் அது. பார்க்கப்போனால், வெந்துவிட்டது என்று கினோவா காட்டும் அடையாளமே அந்த வால்தான்.

கொழுப்பு கூடுதல் என்பதில் ஒரு தொல்லையும் இருக்கிறது. நாள்பட்டால் அரிசிக்கு வராத சிக்கு வாடை இதற்கு வரும். ஆறு மாதத்துக்கு மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டாம். கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள்.

## கசப்பு எங்கிருந்து வருகிறது

பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கினால் நுரை பொங்கும். பட்டுப்புடவை துவைக்கவும் நகை கழுவவும் வீட்டில் வைத்திருப்பார்கள். சீயக்காய் நுரைப்பதும் அதே காரணத்தால்தான். இவற்றில் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது. சப்போனின் என்பது செடிகள் தாமே செய்துகொள்ளும் ஒரு வகைச் சோப்பு. தண்ணீரில் கரைந்து நுரைக்கும், நாக்கில் பட்டால் கசக்கும். கினோவா விதையின் மேல்தோலில் பூசினாற்போல் இருப்பதும் இதே சப்போனின்.

செடி இதை வீணாகச் செய்யவில்லை. கினோவா மணிக்கு நெல்லைப் போல உறுதியான உமி கிடையாது. திறந்த கொத்தில் விதை பழுத்து நிற்கும்போது பறவைகள் ஒரு நாளில் காலி செய்துவிடும். கசப்புப் பூச்சு இருப்பதால் ஒரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடுகின்றன. கசப்புக் குறைந்த இனிப்பு வகைகளும் உண்டு. அவற்றுக்குப் பறவைத் தொல்லை அதிகம்.

பொலிவியாவின் மலைக் கிராமங்களில் இந்தப் பூச்சை அகற்றுவது பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்த கடும் வேலை. விதையைச் சூடாக்கி, கல்லில் குழித்த தொட்டியில் கொட்டி, அதற்குள் இறங்கி நின்று இடுப்பை வளைத்து வளைத்துக் காலால் மிதித்துத் தேய்ப்பார்கள். தோல் பொடியாக உதிர்ந்ததும் காற்றில் தூற்றி, பிறகு தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவி, வெயிலில் உலர்த்துவார்கள். இன்று ஏற்றுமதிச் சரக்கை இயந்திரங்கள் தேய்த்துக் கழுவி அனுப்புகின்றன. ஆனாலும் எல்லாப் பொட்டலமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கழுவியது என்று அச்சடித்திருந்தாலும் நான் ஒருமுறை களையாமல் அடுப்பில் வைப்பதில்லை.

அக்கா கொண்டுவந்த பொட்டலத்திலிருந்து ஒரு கப் எடுத்துப் பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றி விரல்களால் அளைந்தேன். அரிசி களைந்தால் வரும் கழுநீர் வெண்மை இல்லை அது. பாத்திர விளிம்பு வரைக்கும் சின்னச் சின்னக் குமிழிகள், சோப்புத் தண்ணீரே போல. மூன்றாம் தண்ணீரில் நுரை பாதியானது. ஐந்தாம் தண்ணீர் தெளிந்தது. அதிலிருந்து இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்தால் கசப்பில்லை. அவர் செய்யத் தவறியது இந்த ஐந்து நிமிட வேலை ஒன்றுதான்.

மறுபடி சொல்கிறேன்: நடுவில் மாவு, சுற்றிலும் முளைக்கரு, அதன் மேல் சோப்புப் பூச்சு. மேல் பூச்சைக் கழுவிவிட்டு மற்ற இரண்டையும் சாப்பிடுகிறோம்.

## முழுமையான புரதம் என்றால் என்ன

கினோவாவைப் பற்றிச் சொல்லும்போது ‘முழுமையான புரதம்’ என்ற சொல் கட்டாயம் வரும். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். நிறையப் புரதம் என்று எண்ணிவிடுகிறார்கள். அந்தச் சொல் அளவைப் பற்றியதே இல்லை.

பழைய அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லாக அடுக்குகிறார். ‘த’ ஆயிரம் இருக்கிறது, ‘மி’ ஆயிரம் இருக்கிறது, ‘ழ்’ பத்துதான் இருக்கிறது என்றால் அவரால் ‘தமிழ்’ என்ற சொல்லைப் பத்து தடவைக்கு மேல் கோக்க முடியாது. நம் உடம்பும் இப்படித்தான் புரதம் கட்டுகிறது. எழுத்துகளின் இடத்தில் இருப்பவை அமினோ அமிலங்கள், அதாவது புரதத்தின் கட்டுமானத் துண்டுகள். அவற்றில் 9 வகையை உடம்பால் செய்துகொள்ள முடியாது. உணவிலிருந்துதான் வர வேண்டும். அந்த ஒன்பதும் போதிய விகிதத்தில் இருந்தால் முழுமையான புரதம் என்கிறார்கள்.

அரிசி, கோதுமை போன்றவற்றில் லைசின் என்ற ஓர் அமினோ அமிலம் குறைவு. அதுதான் அவற்றின் ‘ழ்’. கினோவாவில் லைசின் நல்ல அளவில் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பாராட்டு.

ஆனால் பருப்பு வகைகளிலும் லைசின் தாராளமாக இருக்கிறது. பருப்பில் குறைவது மெத்தியோனின் என்ற வேறொன்று. அது அரிசியில் இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடுகிறது. வெண்பொங்கலும் சாம்பார் சாதமும் இட்லியும் அடையும் இந்தக் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கின்றன. பருப்பும் சோறும் சாப்பிடும் வீட்டுக்குக் கினோவா வராவிட்டால் சத்துக் குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குக் கினோவா பிடிக்கும். பிடிக்கும் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன்.

இனி அளவு. வேகவைத்த கினோவா ஒரு கப்பில் சுமார் 8 கிராம் புரதம். அதே ஒரு கப் வெள்ளைச் சோற்றில் சுமார் 4 கிராம். வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் 14 கிராமுக்கு மேல். சோற்றோடு ஒப்பிட்டால் இரு மடங்கு. சுண்டலோடு ஒப்பிட்டால் பாதியைச் சற்றே தாண்டும்.

குளூட்டன் இல்லாதது என்றும் விளம்பரம் செய்கிறார்கள். கோதுமை மாவைப் பிசையும்போது ரப்பர் போல இழுபடச் செய்யும் புரதம்தான் குளூட்டன். அது ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகளுக்குக் கினோவா பெரிய உதவி, அதிலும் ரொட்டியே முக்கிய உணவான நாடுகளில். அரிசியிலும் நம் சிறுதானியங்களிலும்கூடக் குளூட்டன் கிடையாது.

## சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு

வேகவைத்த ஒரு கப் கினோவாவில் மாவுச்சத்து சுமார் 39 கிராம். ஒரு கப் வெள்ளைச் சோற்றில் சுமார் 45 கிராம். வேறுபாடு இருக்கிறது, ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இல்லை.

சாப்பிட்ட உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு விரைவாக ஏற்றுகிறது என்பதை, குளுக்கோஸை 100 என்று வைத்து அளப்பதுதான் கிளைசீமிக் குறியீடு. கினோவாவுக்கு அது 53 அளவில் சொல்லப்படுகிறது. வெள்ளை அரிசி வகைகள் பலவும் அதற்கு மேலே நிற்கின்றன. நாரும் புரதமும் கொழுப்பும் கூடி இருப்பதால் செரிமானம் நிதானப்படுகிறது, சர்க்கரையும் நிதானமாக ஏறுகிறது. நிதானமாக ஏறுகிறது என்பதற்கும் ஏறாது என்பதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். மூன்று கப் கினோவா சாப்பிட்டால் 117 கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது. அக்காவிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டது இதுதான்: அளவு சோற்றுக்கு வைத்த அளவாகவே இருக்கட்டும், தட்டில் பாதிக்குக் காயும் பொரியலும் வரட்டும், மருத்துவரிடம் கேட்காமல் ஒரு மாத்திரையையும் குறைக்க வேண்டாம்.

## அது பிறந்த மேட்டுநிலம்

பெருவுக்கும் பொலிவியாவுக்கும் இடையில் திதிகாகா என்றொரு பெரிய ஏரி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். அதற்கு மேல் இன்னும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறினால் வரும் உயரத்தில் ஓர் ஏரியும் அதைச் சுற்றிச் சமவெளியும் விரிந்து கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் தோலைத் தீய்க்கும் வெயில், இரவில் உறைபனி, மெலிந்த காற்று. நெல்லோ கோதுமையோ செழிக்காத அந்த மண்ணில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மக்கள் இரண்டு செடிகளைப் பழக்கி எடுத்தார்கள். ஒன்று உருளைக்கிழங்கு. மற்றது கினோவா. உருளைக்கிழங்கு உலகத்தையே சுற்றி வந்து நம் பூரிக்கு மசாலாவாகிவிட்டது. கினோவா மலையிலேயே தங்கிவிட்டது.

தங்கியதற்குக் காரணம் உண்டு. கெச்சுவா, அய்மாரா மக்களும் அவர்களை ஆண்ட இன்காக்களும் கினோவாவைத் தானியங்களின் தாய் என்று போற்றினார்கள். 1532-இல் ஸ்பானியத் தளபதி பிசாரோவின் படை இன்கா அரசன் அதாவல்பாவைச் சிறைபிடித்த பிறகு, ஸ்பானியர்களோடு கோதுமையும் பார்லியும் வந்தன. கினோவா பூர்வகுடிகளின் உணவு என்று தாழ்த்திப் பார்க்கப்பட்டது. நகரத்து வீடுகளில் அதற்கு இடமில்லை. மலைக் கிராமங்கள்தான் நூற்றாண்டுகளாக விதையைக் கைவிடாமல் காத்தன. கேழ்வரகுக் கூழ் ஏழைகளின் சாப்பாடு என்று ஒதுக்கப்பட்டிருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

பிறகு காற்று திசை மாறியது. ஐக்கிய நாடுகள் சபை 2013-ஐப் பன்னாட்டுக் கினோவா ஆண்டாக அறிவித்தது. அதை முன்மொழிந்தது பொலிவியா. இந்தியா முன்மொழிந்த சிறுதானிய ஆண்டு 2023-இல் வந்தது. இரண்டுமே சத்துணவு என்று ஒரே மூச்சில் பேசப்பட்டதால் இரண்டும் ஒன்றென்ற மயக்கம் இங்கே இன்னும் வலுத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

2013-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கினோவாவின் விலை மளமளவென்று ஏறியது. வெளிநாட்டார் வாங்கித் தின்பதால் விளைவித்தவர்களுக்கே சாப்பிடக் கிடைக்கவில்லை என்று செய்திகள் வந்தன. பெருவின் குடும்ப வரவு செலவுக் கணக்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. விலை ஏறிய காலத்தில் அந்தக் குடும்பங்களின் நிலை சற்று உயர்ந்தே இருந்தது. மற்ற நாடுகளும் பயிரிடத் தொடங்கியதும் சில ஆண்டுகளிலேயே விலை சரிந்தது. அடி விழுந்தது அப்போதுதான். மண்ணும் அடிபட்டது. தென் பொலிவியாவில் உயூனி உப்புவெளியைச் சுற்றி, ஒட்டகத்தின் உறவான லாமா என்ற விலங்குகள் மேய்ந்த புல்வெளிகளை உழுது கினோவா விதைத்துவிட்டார்கள். லாமா குறைந்தது, லாமா போட்ட எருவும் குறைந்தது.

இந்தியாவிலும் ராஜஸ்தானிலும் ஆந்திராவின் அனந்தபூர்ப் பகுதியிலும் கினோவா பயிரிட்டிருக்கிறார்கள். வறட்சியையும் உப்பு மண்ணையும் தாங்கும் செடி என்பதால் அந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நீங்கள் வாங்கும் பொட்டலம் எங்கே விளைந்தது என்று பின்பக்கம் ஒருமுறை பாருங்கள்.

## அடுப்புக்கு வருவோம்

வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று மூன்று நிறம் கிடைக்கும். முதன்முறை சமைப்பவர்கள் வெள்ளையையே வாங்குங்கள். விரைவாக வெந்து மென்மையாக இருக்கும். சிவப்பும் கறுப்பும் வெந்த பின்பும் கடிபடும், ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். சாலட் போன்றவற்றுக்கு அவை நல்லவை.

மணி ஒன்று இரண்டு மில்லிமீட்டர்தான். அரிசி வடிக்கும் தட்டில் போட்டால் பாதி ஓடிவிடும். சன்னமான கம்பி வடிகட்டியோ, மெல்லிய வெள்ளைத் துணியோ வேண்டும். துணியில் முடிந்து குழாயடியில் பிடித்துக் கசக்குவது எனக்கு எளிதாக இருக்கிறது. நுரை நிற்கும்வரை களைந்து, தண்ணீரை நன்றாக வடியுங்கள்.

வடித்ததை வெறும் வாணலியில் மூன்று நான்கு நிமிடம் வறுங்கள். ஈரம் போய், மணிகள் தனித்தனியாக ஓடத் தொடங்கி, லேசாகப் படபடக்கும். நிலக்கடலை வறுக்கும் வாசனைக்குப் பக்கத்தில் ஒரு வாசனை வரும். அங்கே நிறுத்துங்கள். இந்த வறுவல் கட்டாயமில்லை. ஆனால் பச்சை வாடை பிடிக்கவில்லை என்று சொன்ன பலர், வறுத்துச் சமைத்த பிறகு அப்படிச் சொல்வதில்லை.

ஒரு கப் கினோவாவுக்கு இரண்டு கப் தண்ணீர், கால் தேக்கரண்டி உப்பு. கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். 15 நிமிடத்தில் தண்ணீர் வற்றி வால் வெளியே வந்திருக்கும். அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் அப்படியே புழுங்க விடுங்கள். பிறகு முள்கரண்டியால் கிளறினால் பொலபொலவென்று உதிரும். அந்தப் பத்து நிமிடத்தைப் பலர் பொறுப்பதில்லை. உடனே கரண்டியை விட்டுக் கிளறிக் கூழாக்கிவிட்டு, கினோவா குழைந்துவிடும் என்று குறை சொல்கிறார்கள். ஒரு கப் மூன்று கப்பாக உப்பும் என்பதையும் நினைவில் வைத்துப் பாத்திரம் எடுங்கள். குக்கரில் வைத்தால் தண்ணீரை ஒன்றே முக்கால் கப்பாகக் குறைத்து ஒரு விசில் போதும். ஆவி தானாக அடங்கட்டும்.

இதை எப்படிச் சாப்பிடுவது என்பதற்கு அதை உருவாக்கியவர்களிடமிருந்தே தொடங்கலாம். பெருவின் மலைவீடுகளில் கினோவாவை உருளைக்கிழங்கு, காய்கள், பூண்டு போட்டுச் சூப்பாகக் கொதிக்கவிடுவார்கள். குளிர்காலத்துக்கு இதைவிட நல்ல சூப் எனக்குத் தெரியாது. திதிகாகா ஏரிப் பக்கத்தில் பெஸ்கே என்றொரு கஞ்சி உண்டு. கினோவாவைக் குழைய வேகவைத்து, மசித்து, பாலும் பாலாடைக்கட்டியும் சேர்ப்பார்கள். கினோவா மாவைப் பிசைந்து உள்ளங்கையில் பிடித்து ஆவியில் வேகவைக்கும் கிஸ்பிஞா என்ற பண்டத்தில் விரல் தடம் அப்படியே பதிந்திருக்கும். நம் பிடிகொழுக்கட்டையின் அக்கா தங்கை என்றே சொல்லலாம். எளிதில் கெட்டுப்போகாது என்பதால் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொள்வார்கள். பெருவின் தலைநகர் லிமாவின் தெருக்களில் விடியற்காலையில் தள்ளுவண்டியில் விற்பது, ஆப்பிளும் பட்டையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சிய சூடான கினோவாப் பானம். வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே குடித்துவிட்டுப் போகிறார்கள்.

நம் அடுப்பில் இது நன்றாகப் பொருந்தும் இடம் உப்புமா, எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம். மூன்றிலும் உதிரியாக வேகவைத்த கினோவாவைக் கடைசியில் சேர்த்துத் தாளிதத்தோடு புரட்டினால் போதும். வெண்பொங்கலுக்குக் கினோவாவும் பாசிப்பருப்பும் சமபங்கு, தண்ணீர் மூன்றரை பங்கு; மிளகையும் இஞ்சியையும் தாராளமாகப் போடுங்கள், அதன் மண் மணத்துக்கு அவை நன்றாக இணங்கும். அடைக்கு ஊறவைக்கும்போது அரிசியில் பாதியைக் குறைத்துக் கினோவா சேர்க்கலாம், மொறுமொறுப்பு கூடும். இட்லியில் மட்டும் எனக்குத் திருப்தி வரவில்லை. அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றினால் இட்லி கனத்துவிடுகிறது. சப்பாத்திக்குக் கினோவா மாவை மட்டும் பிசைந்தால் திரட்ட வராது, விரிந்து உடையும். இழுத்துப் பிடிக்கக் குளூட்டன் இல்லை அல்லவா. கோதுமை மாவோடு கால் பங்கு கலந்தால் திரட்டலாம். சீலியாக் நோயாளிகளுக்கு அந்தக் கலவை ஆகாது.

குழம்பை ஊற்றிப் பிசைந்து உருட்டிச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கினோவா சோறு போல உருண்டைக்கு வராது, விரலிடுக்கில் உதிரும். சாம்பார் சாதம் போலக் குழம்போடு சேர்த்தே வேகவைத்துவிட்டால் அந்தக் குறை தெரிவதில்லை. முதல்முறை சாப்பிடுகிறவர்கள் அரைக் கப்போடு தொடங்குங்கள். நாரும் மிச்சமிருக்கும் சப்போனினும் சிலருக்கு வயிற்றைப் பிசையும்.

அக்கா வீட்டில் அன்று இரவுக்குப் பாசிப்பருப்புப் பொங்கலாகச் செய்தோம். மிளகைப் பொடிக்காமல் முழுதாக நெய்யில் பொரித்துக் கொட்டினார். மீந்ததை மறுநாள் காலை மோரில் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்ததாகச் சொன்னார்.